மணல்வீச்சும் சாயமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கடைசல் வேலையைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சில ஆண்டுகளாக லேத்தில் கிண்ணங்களும் வாய் குறுகிய ஜாடிகளும் கடைந்து வருகிறேன். அண்மையில் மாமரத்தில் கடைந்த ஒரு ஜாடியின் வெளிப்புறத்தில் மணல்வீச்சு (அழுத்தக் காற்றால் துகள்களை வீசி மேற்பரப்பை அரிக்கும் வேலை) செய்து, தண்ணீரில் கரைத்த நீலச் சாயம் பூசினேன். படங்களில் பார்த்தது போல வரிகள் மேடும் பள்ளமுமாக எழும் என்று எதிர்பார்த்தேன். மேற்பரப்பு சொரசொரப்பானதே தவிர வரி எதுவும் எழவில்லை. சாயமும் திட்டுத்திட்டாக, எதிரெதிரான இரண்டு பக்கங்களில் கறுத்தும் மற்ற இரண்டு பக்கங்களில் வெளிறியும் பிடித்தது. கடைசியாக ஆளி விதை எண்ணெய் பூசியதும் நீலம் பச்சையாகிவிட்டது.

இதைப் பார்த்த மூத்த கடைசல்காரர் ஒருவர், மணலும் சாயமும் மரத்தின் அழகை மறைப்பதற்கான வழிகள், நல்ல மரத்துக்கு இரண்டும் தேவையில்லை என்றார். அவர் சொல்வது சரிதானா? சரியில்லை என்றால், என் ஜாடியில் எங்கே பிசகியது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மணல்வீச்சு என்பது மரத்துக்குள் ஏற்கெனவே இருக்கிற அடர்த்தி வேறுபாட்டை வெளியே கொண்டுவருகிற வேலை. அது மென்மையான பகுதியை அரித்தெடுத்து, கடினமான பகுதியை நிற்கவிடுகிறது. வேறுபாடே இல்லாத மரத்தில் வெளிக்கொணர எதுவும் இருப்பதில்லை. ஆகவே உங்கள் கைப்பழக்கத்தில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. கட்டையைத் தேர்ந்தெடுத்தபோதே ஜாடியின் போக்கு பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

மாமரம் பரவல் துளைக்கட்டை வகையைச் சேர்ந்தது. அதன் நீர்க்குழாய்கள் ஏறக்குறைய ஒரே அளவில், கட்டை முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. வளரும் பருவத்தின் தொடக்கத்தில் உருவான பகுதிக்கும் முடிவில் உருவான பகுதிக்கும் கடினத்தில் பெரிய வித்தியாசம் இல்லாததால், மணல் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் தேய்த்துவிடுகிறது. மேப்பிள், பீச் போன்றவையும் இப்படித்தான். ஓக், ஆஷ், தேக்கு ஆகிய வளையத் துளைக்கட்டைகளில் நிலைமை வேறு: முன்பருவக் கட்டையில் பெரிய துளைகள் வரிசையாக நெருங்கி நிற்க, பின்பருவக் கட்டை இறுகிக் கிடக்கிறது. ஊசியிலை மரங்களில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. டக்ளஸ் ஃபிர் மரத்தின் பின்பருவக் கட்டை முன்பருவக் கட்டையைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அடர்த்தி கொண்டது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் எல்லையும் கத்தியால் கீறியதைப் போலத் திடீரென்று அமைந்தது. மணல்வீச்சை முதன்முதலாகக் கற்றுக்கொள்பவருக்கு நான் டக்ளஸ் ஃபிர்ரையோ, வளையங்கள் நெருங்கிய பழைய பைன் கட்டையையோதான் சொல்வேன். வேலை எளிது, பலன் உடனே கண்ணில் தெரியும், வீணானாலும் மனம் நோகாது.

ஓக் மரத்தில் இன்னொரு சிறப்பும் உண்டு. மையத்திலிருந்து பட்டையை நோக்கி விரியும் அதன் மெடுல்லா கதிர்கள் மிக அகலமானவை, மணலுக்கு எளிதில் மசியாதவை. பிரான்சைச் சேர்ந்த கடைசல் கலைஞர் பாஸ்கால் உடே ஓக் கட்டையின் குறுக்குவெட்டு முகத்தை மிக மெல்லியதாகக் கடைந்து, முன்பருவக் கட்டை முற்றிலும் உதிர்ந்துபோகும்வரை மணல் வீசுகிறார். எஞ்சுவது பின்பருவ வளையங்களும் அவற்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டிருக்கும் கதிர்களும் மட்டுமே. ஒளி ஊடுருவிச் செல்லும் ஒரு பின்னல் அப்போது கிடைக்கிறது. அதில் ஓர் இழையைக்கூட அவர் வரைந்ததில்லை. எல்லாம் அந்த மரம் தன் வாழ்நாளில் வளர்த்துக்கொண்ட வளையங்கள். மணல்வீச்சு மரத்தை மறைக்கிறது என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த வேலையைத்தான்.

மரத்துக்கு அடுத்ததாக, கட்டையை லேத்தில் எந்தத் திசையில் பொருத்துகிறீர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இதைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை; என் அனுபவத்தில் பாதி அழகு இங்கேதான் தீர்மானமாகிறது. இழைகள் சுழலும் அச்சுக்குக் குறுக்காக அமையும்படி கடைந்த கிண்ணத்தில், எதிரெதிரான இரண்டு பக்கங்களில் வளையங்கள் நில வரைபடத்தின் சமவுயரக் கோடுகள் போல விரிந்து தெரியும். மற்ற இரண்டு பக்கங்களில் குறுக்குவெட்டு முகம் வரும். அங்கே வளையங்களின் விளிம்புகள் நெருக்கமாக நிற்கும். வளையம் மேற்பரப்புக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்திருக்கும் இடத்தில் கடினமான அடுக்கு ஒரு பலகை போல அகன்று நின்று, கீழேயுள்ள மென்மையான அடுக்கை மணலிலிருந்து காத்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் எவ்வளவு நேரம் வீசினாலும் மொட்டையாகவே இருக்கும். இழைகள் அச்சுக்கு இணையாக ஓட, நெஞ்சுப்பகுதி (தண்டின் நட்டநடு மையம்) நடுவில் அமையும்படி கடைந்த ஜாடியில், உருவம் உப்பும் இடத்திலும் ஒடுங்கும் இடத்திலும் வளையங்கள் வெட்டுப்பட்டு ஜாடியைச் சுற்றி வரிகளாக எழும். முற்றிலும் நேரான உருளையாகக் கடைந்தால் அந்த வரிகள் கிடைக்கமாட்டா. ஆகவே வளைவு நிதானமாக மாறிக்கொண்டே இருக்கும் உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். திடீர்த் திருப்பங்களும் மெல்லிய மணிவிளிம்புகளும் மணலில் மழுங்கிப்போகும்.

கடையும்போது சுவரின் கனத்தைச் சற்றுக் கூடுதலாகவே விடுங்கள். மென்மையான மரத்தில் பள்ளம் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆழம் போவது சாதாரணம். எனவே 7 அல்லது 8 மில்லிமீட்டர் கனம் இருந்தால் அச்சமின்றி வேலை செய்யலாம். உப்புத்தாளை 150 எண்ணுக்கு மேல் கொண்டுபோகத் தேவையில்லை, அதற்குமேல் செய்கிற மெருகையெல்லாம் மணல் அழித்துவிடும். மழுங்கிய உளி பிய்த்த இழைகளை மட்டும் மணல் மன்னிப்பதில்லை. பிய்ந்த இடம் மணல்பட்டு இன்னும் ஆழமாகும், பிறகு சாயம் பட்டுக் கறுத்துத் தெரியும். மணல்வீச்சு மோசமான கடைசலை மூடிவிடும் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். கட்டை நன்றாக உலர்ந்திருக்கவும் வேண்டும்; ஈரக் கட்டையில் மணல் இழையை அரிப்பதைவிடக் கிழித்து நார்நாராக்குவதே அதிகம்.

இனி மணலைப் பற்றி. பெயர் மணல்வீச்சு என்றாலும், உண்மையான மணலை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். அமெரிக்காவின் பெஞ்சமின் டில்மன் 1870-இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றபோது வீசப்பட்டது மணல்தான். மணலின் பெரும்பகுதி படிகச் சிலிக்கா. அது வேகமாக மோதி உடையும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று சிலிக்கோசிஸ் என்ற, குணப்படுத்த முடியாத நோயைத் தருகின்றன. வார்ப்புப் பொருள்கள் முதலியவற்றின் மேல் மணலை வீசுவதை பிரிட்டன் 1949-இலேயே விதி இயற்றித் தடை செய்தது. மூச்சில் போகும் படிகச் சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. மரத்தூளும் அதே வகைக்குள்தான் வருகிறது. கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள், தூசியை உறிஞ்சி வடிகட்டும் அமைப்போடு செய்யுங்கள். பெட்டியைத் திறக்கும்போதும் வடிகட்டியுள்ள முகமூடி முகத்தில் இருக்கட்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

மணலுக்குப் பதிலாக அலுமினியம் ஆக்சைடு அல்லது கார்னெட் துகள்களைப் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் கூரிய முனைகள் உண்டு. கண்ணாடி மணிகள் உருண்டையானவை. அவை மரத்தை வெட்டாமல் தட்டி நசுக்கிவிடுகின்றன, அதனால் இந்த வேலைக்கு உதவுவதில்லை. 80 முதல் 120 வரையிலான எண் கொண்ட நுண்துகள் வரிகளின் ஓரங்களைக் கூர்மையாக விடும். பருத்த துகள் வேகமாக வெட்டினாலும் ஓரங்களை உருட்டிவிடும். இரும்புத் துகள் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓக் போன்ற டானின் (துவர்ப்புச் சத்து) மிகுந்த மரத்தின் துளைகளில் இரும்புத் துகள் தங்கிவிட்டால், தண்ணீர்ச் சாயம் பட்டவுடன் நீலக் கறுப்புப் புள்ளிகள் முளைக்கும், அவற்றைப் போக்குவது பெரும்பாடு.

அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டில் தொடங்கி, மரம் கேட்டால் மெல்ல 80 வரை உயர்த்துங்கள். கவனிக்க வேண்டியது அழுத்தத்தைவிடக் காற்றின் அளவு. 3 மில்லிமீட்டர் துளையுள்ள நாசில் 80 பவுண்டு அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 லிட்டர் காற்றைக் குடிக்கும். சிறிய கம்ப்ரெசர் ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும், அழுத்தம் ஏறி இறங்கி, பள்ளத்தின் ஆழமும் சீரற்றுப்போகும். நாசிலை ஒரே இடத்தில் நிறுத்தாமல், மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து நகர்த்திக்கொண்டே இருங்கள். வழவழப்பாகவே விட வேண்டிய வாய் விளிம்பை ரப்பர் அல்லது தடித்த வினைல் நாடாவால் மூடலாம். மீள்தன்மையுள்ள பொருளில் துகள் வெட்டாமல் துள்ளித் திரும்பிவிடும். காகித நாடா சில நொடிகளில் கிழிந்துவிடும்.

சாயத்துக்கு வருவோம். உங்கள் ஜாடியில் இரண்டு பக்கங்கள் கறுத்ததற்குக் காரணம் அங்கே குறுக்குவெட்டு முகம் இருந்ததுதான். திறந்த குழாய் வாய்கள் சாயத்தை உறிஞ்சி ஆழத்துக்கு இழுத்துக்கொள்கின்றன. மெழுகு நீக்கிய அரக்கை மிக நீர்க்கக் கரைத்து அந்தப் பக்கங்களில் மட்டும் முதலில் ஒரு முறை பூசியிருந்தால் வித்தியாசம் பெருமளவு குறைந்திருக்கும். மணல் வீசிய பிறகு நைலான் தூரிகையாலும் காற்றாலும் துளைகளைச் சுத்தம் செய்வதும் அவசியம். உள்ளே தங்கிய வெளிறிய துகள்கள் அடர்ந்த சாயத்துக்கு நடுவே பளிச்சென்று தெரியும்.

மணல் வீசிய மரத்தில் சாயம் செய்கிற காரியம் எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. பள்ளத்தில் இருப்பது நுண்துளை மிகுந்த முன்பருவக் கட்டை, ஆகவே அது சாயத்தை நிறையக் குடித்துக் கறுக்கிறது. மேட்டில் இருக்கும் இறுகிய கட்டை குறைவாகக் குடித்து வெளிறி நிற்கிறது. பள்ளத்துக்கு இயல்பாகவே நிழல் சேர்கிறது, நாம் எதுவும் செய்யாமலே ஆழம் இரட்டிப்பாகத் தெரிகிறது. இந்த இயல்போடு ஒத்துப்போகிற சாயம்தான் என் கணக்கில் நல்ல சாயம். முதலில் முழுவதும் அடர்ந்த நிறம் ஒன்றைப் பூசுங்கள், நன்றாக உலரவிடுங்கள், பிறகு கட்டையில் சுற்றிய 320 எண் உப்புத்தாளால் மேடுகளின் தலையை மட்டும் இலேசாகத் தேயுங்கள். மேட்டில் மரத்தின் சொந்த நிறம் திரும்பும். விரும்பினால் அதற்கு மேல் இளம் நிறம் ஒன்றை மெல்லியதாக ஓட்டலாம். தண்ணீர்ச் சாயம் இழைகளைச் சிலிர்க்க வைக்கும், ஆல்கஹால் சாயம் அவ்வளவு சிலிர்க்கவிடாது என்றாலும் வேகமாக உலர்ந்து ஒட்டுக்கோடுகளை விட்டுவிடும். எதுவானாலும் உலோகக் கூட்டுச் சாயமாக, அதாவது மூலக்கூறில் உலோகம் பிணைந்த சாயமாகப் பார்த்து வாங்குங்கள். பழைய வகை ஆல்கஹால் சாயங்கள் பலவும் சன்னல் வெளிச்சத்திலேயே சீக்கிரம் வெளிறிவிடுகின்றன.

கறுப்பு வேண்டுமென்றால் ஓக் மரத்துக்குச் சாயமே தேவையில்லை. வினிகரில் இரும்புக் கம்பளியை ஊறவைத்து வடிகட்டிய நீரைப் பூசினால், மரத்திலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும். டானின் குறைந்த ஆஷ், மேப்பிள் மரங்களுக்கு முதலில் கடுந்தேநீரோ டானின் கரைசலோ பூச வேண்டும். 2017-இல் மறைந்த அயர்லாந்துக் கடைசல் கலைஞர் லியம் ஃப்ளின்னின் கறுத்த ஓக் ஜாடிகளைப் பார்த்தால், நிறத்தை முழுவதும் விட்டுக்கொடுக்கும்போது உருவமும் இழையும் எவ்வளவு முன்னால் வருகின்றன என்பது புரியும்.

நீலம் பச்சையானது எண்ணெயால்தான். ஆளி விதை எண்ணெய் இயல்பிலேயே மஞ்சள், நாள்பட இன்னும் மஞ்சளாகும். நீலத்துக்கும் சாம்பலுக்கும் மேலே நீர்சார்ந்த, பளபளப்பற்ற அக்ரிலிக்கை மெல்லிய படலங்களாகத் தெளிப்பதே பொருத்தம். தூரிகையால் பூசாதீர்கள், சாயம் கரைந்து இழுபடும். பளபளப்பான, கனத்த பூச்சுகள் பள்ளங்களை நிரப்பி நீங்கள் பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிடும். மெழுகு பள்ளத்தில் தங்கி வெள்ளையாகப் பூத்துக் காணும்.

அந்தப் பெரியவர் சொன்னதில் நான் ஏற்கிற பகுதி ஒன்று உண்டு. எந்த மரம், எந்தத் திசை என்று பாராமல், கையில் இருப்பதன் மேல் மணலையும் நிறத்தையும் ஏற்றினால் மரம் மறைந்துதான் போகிறது. பல நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தெளித்த ஜாடிகளில் அதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். சுருள் சுருளான இழையோடு பிறந்த மேப்பிள் கட்டைமேல் நானும் மணல் வீசமாட்டேன். ஆனால் யாரும் விலைகொடுத்து வாங்காத ஒரு பைன் கட்டைக்குள் இருக்கும் வரிகளை எழுப்ப, மணலைவிட நேர்மையான கருவி எனக்குத் தெரியாது. அவரிடம் வாதிட வேண்டாம், அடுத்த ஜாடியைக் காட்டுங்கள்.

இப்போதைய ஜாடியைத் தூக்கி எறியாதீர்கள். சுவரில் கனம் மிச்சமிருந்தால் மறுபடியும் லேத்தில் ஏற்றி, சாயம் இறங்கிய ஆழம்வரை கூரிய உளியால் ஒரு மெல்லிய செதுக்கு எடுத்து, மாமரத்துக்கு ஏற்ற வழவழப்பான மெருகிலேயே முடித்துவிடுங்கள். அடுத்ததற்கு வளையம் நெருங்கிய டக்ளஸ் ஃபிர் கட்டை ஒன்றைத் தேடுங்கள். ஜாடியைக் கடைவதற்கு முன் அதே கட்டையின் துண்டு ஒன்றில் மூன்று முகங்களிலும் (குறுக்குவெட்டு முகம், மையத்திலிருந்து பட்டையை நோக்கி அறுத்த முகம், வளையங்களைத் தொட்டாற்போல அறுத்த முகம்) மணல் வீசி, மூன்றிலும் சாயம் பூசிப் பாருங்கள். எந்த முகம் ஜாடியின் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்பதை அந்தத் துண்டை வைத்தே முடிவு செய்துவிடலாம்.