பாரீஸ் டிஸ்னி ஹோட்டலுக்காக நகையை மறுபடியும் வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாடகை வீடு. கணவர் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார், நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாதம் 78,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஒன்பது மாதப் பெண் குழந்தை. நாத்தனார் பாரீசை ஒட்டிய சார்செல்லில் குடும்பத்தோடு இருக்கிறார். வரும் ஜூலையில் நாங்களும் கொழுந்தனார் குடும்பமும் அங்கே போக வேண்டும், எல்லோரும் சேர்ந்து டிஸ்னிலாந்தின் நியூபோர்ட் பே கிளப் ஹோட்டலில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்கிறார். மூன்று நாள் பூங்கா டிக்கெட்டோடு எங்கள் பங்கு 1,400 யூரோ. என் நகை ஏற்கெனவே 2,60,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. தங்கம் ஏறியிருப்பதால் அதன்மேல் இன்னும் மூன்று லட்சம் தருவார்களாம், மீதியை டிராவல்ஸ்காரரிடம் தவணையில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். கைக்குழந்தையோடு போகும்போது பூங்கா ஹோட்டலிலேயே தங்குவது நல்லதா, வெளியே தங்கினால் மிச்சமாகுமா? இரவெல்லாம் யோசித்துத் தூக்கம் போய்விட்டது.

பதில்: ஹோட்டலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது ஹோட்டல் இல்லை என்பது கடிதத்தின் மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அங்கே அடகுக் கணக்கை வருஷ வாரியாக எழுதியிருக்கிறீர்கள். முதல் வருஷம், நாத்தனார் மகனுக்கு இங்கே காதுகுத்து, தாய்மாமன் சீர் செய்ய 1,20,000. அடுத்த வருஷம் வட்டியைக் கட்டி, அதே நகையைத் திருப்பி வைத்து 1,80,000. அதற்கடுத்த வருஷம் வளைகாப்பு, பிரசவம் என்று 2,60,000. இப்போது பாரீஸ் போக 5,60,000 ஆகப் போகிறது.

நகை அதே நகைதான். அதே ஆரம், அதே நாலு வளையல், அதே ஜிமிக்கி. ஒரு கிராம் கூடக் கூடவில்லை. தங்கத்தின் விலை ஏறியதால் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கொடுக்கிறார், அதை உங்கள் கணவர் நகை சம்பாதித்துக் கொடுத்த பணம் என்று நினைக்கிறார். கடன் வளர்வது அவர் கண்ணில் படவே இல்லை. நகை எப்படியும் பத்திரமாகத்தானே இருக்கிறது என்ற நிம்மதி வேறு. என்னிடம் வரும் புதுச்சேரி, கடலூர்க் குடும்பங்களில் பாதிப் பேரிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கிறேன். பெர்சனல் லோன் வாங்கப் பயப்படுகிறவர்கள்கூட நகையைத் திருப்பி வைப்பதைக் கடன் என்றே எண்ணுவதில்லை.

நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது வருஷத்துக்குப் பன்னிரண்டு. முதல் வருஷம் 14,400, இரண்டாம் வருஷம் 21,600, இந்த வருஷம் 31,200. மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் 67,200. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை, இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

எனக்கு இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. என் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி இப்படித்தான் ஏழு வருஷம் மாறி மாறி வைக்கப்பட்டது. நான் பத்தாவது படிக்கும்போது ஏல நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினார், பிரிக்காமலே அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டார். அந்தச் சங்கிலி திரும்பி வரவில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி பயணத்துக்கு வருவோம். யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது, கணக்குக்கு 105 என்று வைத்துக்கொள்கிறேன். ஜூலையில் சென்னையிலிருந்து பாரீஸ் போய்வரத் தலைக்கு 75,000 என்றால் இருவருக்கு ஒன்றரை லட்சம். இரண்டு வயதுக்குள் மடியில் வைத்துக்கொண்டு போகும் குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கும் வரியும், ஆக 10,000. பிரான்ஸ் போகத் தேவையான ஷெங்கன் விசா பெரியவருக்கு 90 யூரோ, ஆறு வயதுக்குள் கட்டணம் கிடையாது, சேவைக் கட்டணம் சேர்த்து 23,000. மருத்துவக் காப்பீடு 5,000. ஹோட்டல் பங்கு 1,47,000. கைச்செலவு 500 யூரோ, அது 52,500. வெறுங்கையோடு போக முடியாது, புடவை, பலகாரம் என்று 20,000. ஜூலையில் பள்ளி நடக்கும், உங்களுக்கு இரண்டு வாரச் சம்பளப் பிடித்தம் 12,000. கூட்டினால் 4,20,000 ரூபாய் வருகிறது.

திரும்பி வந்த பிறகு என்ன ஆகும்? நகைக்கடன் 5,60,000 ஆனால் மாத வட்டியே 5,600. டிராவல்ஸ்காரரிடம் 1,20,000 ரூபாயைப் பன்னிரண்டு தவணையாகப் போட்டால் மாதம் 10,000. ஆக 15,600. உங்கள் பட்டியல்படி எல்லாச் செலவும் போக மிஞ்ச வேண்டியதே 18,000 தான். நடக்கத் தொடங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு மாதம் 2,400 ரூபாயில் ஒரு காய்ச்சலைக்கூடச் சமாளிக்க முடியாது. அடுத்த மாசியில் மறுபடி அடகுக் கடையில்தான் நிற்பீர்கள்.

வட்டியில்லாத் தவணை என்று டிராவல்ஸ்காரர் சொல்வதை நம்பாதீர்கள். கிரெடிட் கார்டு வழியாகப் போடும் தவணை என்றால் பிராசஸிங் கட்டணம் உண்டு, வட்டிப் பகுதிமேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ரொக்கமாகக் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதே டிராவல்ஸில் விடுமுறைக் கிளப் உறுப்பினர் திட்டம் ஒன்றையும் காட்டினார்களாம். இருபத்தைந்து வருஷத்துக்குத் தங்குமிடம் உறுதி என்று சொல்லி விற்கிறார்கள். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் ஏறும், நீங்கள் கேட்கும் தேதியில் இடம் இருக்காது, வெளியே வரலாம் என்றால் வாங்க ஆள் கிடைக்காது. தயவுசெய்து அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, ஹோட்டல். கைக்குழந்தையோடு பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு விடுதியில் வேண்டியது நாலே விஷயம்: மதியத் தூக்கத்துக்கு வாசலிலிருந்து சீக்கிரம் திரும்ப முடிகிற தூரம், பால் பாட்டிலுக்கு வெந்நீர், கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பு, துணி அலச வழி. அலங்காரம், பொம்மை வேடக்காரர்களோடு காலைச் சாப்பாடு, ஏரியைப் பார்த்த ஜன்னல் இதெல்லாம் குழந்தைக்குத் தெரியாது, நீங்களும் அந்த நேரத்தில் டயாபர் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். டிஸ்னிலாந்து பாரீசில் மூன்று வயதுக்குள் பூங்கா டிக்கெட்டே கிடையாது. ஹோட்டல் அறையில் குழந்தைத் தொட்டிலும் கேட்டால் இலவசமாகப் போடுவார்கள். ஆக நீங்கள் கொடுக்கும் 1,400 யூரோவில் குழந்தைக்கென்று எதுவும் இல்லை.

பூங்கா வாசலின் மேலேயே கட்டியிருக்கும் டிஸ்னிலாந்து ஹோட்டல் 2024 ஜனவரியில் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. தூரம் என்று பார்த்தால் அதுதான் குழந்தைக்கு வசதி, விலையோ எல்லாவற்றையும்விட அதிகம். அதை விட்டுவிடுவோம். நாத்தனார் சொல்லும் நியூபோர்ட் பே ஏரிக்கரையில் இருக்கிறது, பூங்காவுக்குக் கால் மணி நேர நடை. விலை குறைந்த செய்யென், சாந்தா ஃபே இரண்டும் இன்னும் ஐந்து நிமிஷம் தள்ளி. பூங்காவுக்கு இலவசப் பேருந்து ஓடுகிறது. அந்த ஐந்து நிமிஷத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை, தள்ளுவண்டியில் குழந்தை தூங்கிவிடும். சாதாரண அறைகளில் சமையலறை இல்லை என்பதுதான் உங்களுக்கு உண்மையான தொல்லை. நம் வீட்டுக் குழந்தை ராகிக் கூழுக்கும் பருப்புச் சாதத்துக்கும் பழகியிருக்கும், அங்கே ஒவ்வொரு வேளைக்கும் உணவகத்தில் எதையாவது வாங்கிப் பிசைந்துகொண்டிருக்க முடியாது.

மூன்று குடும்பமும் ஒன்றாகத் தங்கியே ஆக வேண்டும் என்றால் டிஸ்னியின் டேவி கிராக்கெட் ராஞ்சைப் பார்க்கச் சொல்லுங்கள். மரங்களுக்கு நடுவே மரக் குடில்கள், ஒரு குடிலில் ஆறு பேர் வரை படுக்கலாம், சிறிய சமையலறையும் உண்டு. கார் இல்லாமல் சரிப்படாது, நாத்தனாரிடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு வழி, பூங்காவுக்கு முந்தின ரயில் நிலையமான வால் தெரோப்பில் இருக்கும் சமையலறை வைத்த அபார்ட்மென்ட் விடுதிகள். பக்கத்திலேயே பெரிய வணிக வளாகமும் சூப்பர் மார்க்கெட்டும் இருக்கின்றன, பாலும் டயாபரும் பூங்கா விலைக்கு வாங்க வேண்டாம்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நல்ல இடம் நாத்தனார் வீடுதான். சார்செல்லிலிருந்து ஆர்.இ.ஆர் டி என்னும் புறநகர் ரயிலில் பாரீஸ் நடுவில் இருக்கும் ஷாத்லே நிலையம் வந்து, அங்கே ஏ ரயில் மாறினால் கடைசி நிலையமே டிஸ்னிலாந்து. இறங்கி இரண்டு நிமிஷத்தில் வாசல். மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரம், ஒரு வழிக்குச் சுமார் இரண்டரை யூரோ, குழந்தைக்கு டிக்கெட் இல்லை. காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். பூங்காவுக்குள் குழந்தை பராமரிப்பு அறை இருக்கிறது, டயாபர் மாற்றலாம், பால் சூடாக்கலாம். பெரிய ராட்டினங்களில் ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு நின்று, அவர் இறங்கியதும் மறுபடி வரிசையில் நிற்காமல் இவர் ஏறிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஒரே நாள் போதும். பதினாலு மாதக் குழந்தையை மூன்று நாள் தொடர்ந்து கூட்டத்தில் அலைய வைப்பது குழந்தைக்கும் நல்லதில்லை, உங்கள் இடுப்புக்கும் நல்லதில்லை.

வீட்டில் தங்க வைப்பதற்கு நாத்தனார் தம் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், தங்கல் சான்று வாங்க வேண்டும், கட்டணம் 30 யூரோ. நம் ஊரில் பிரான்ஸ் போய்வந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் அத்தெஸ்தாசியோன் என்று அதன் பெயரைச் சொல்வார்கள். விசாவுக்கு அது பெரிய பலம். கடன் வாங்கி வங்கிக் கணக்கில் திடீரென்று மூன்று லட்சம் விழுந்திருந்தால் விசா அதிகாரிக்குச் சந்தேகம் வரும் என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள்.

இந்த ஜூலையில் போகவே வேண்டாம் என்பது என் முடிவு. நாத்தனார் வீட்டில் தங்கினாலும் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகும், அதுவும் நகையிலிருந்துதான் வரும். மாதம் மிஞ்சும் 18,000 ரூபாயில் 12,000 நகைக்கடனுக்கு, 6,000 வங்கித் தொடர் வைப்புக்கு என்று பிரியுங்கள். பன்னிரண்டு வட்டியிலேயே 2,60,000 ரூபாய்க் கடன் இரண்டு வருஷத்தில், கூடினால் ஒரு மாதம் அதிகமாக, அடைந்துவிடும். அதற்குள் வைப்பில் ஒன்றரை லட்சம் சேர்ந்திருக்கும். பிறகு 18,000 ரூபாயும் பயணத்துக்கே. ஏழெட்டு மாதத்தில் 2,80,000 கையில் இருக்கும். குழந்தைக்கு அப்போது மூன்றரை வயது ஆகப்போகும். விமானத்தில் தனி இருக்கை, பூங்காவில் டிக்கெட் என்று அவளுக்கும் செலவு வரும். உண்மைதான், அதற்கு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும். ஆனால் அப்போது அவள் தானாக ஓடிப் போய் மிக்கியைக் கட்டிக்கொள்வாள், ஊருக்கு வந்தும் அதைப் பற்றிப் பேசுவாள்.

நாத்தனாரிடம் இதை நீங்கள் சொல்லக் கூடாது, உங்கள் கணவர் சொல்ல வேண்டும். அக்கா-தம்பி பேச்சு அது. நீங்கள் சொன்னால் வீட்டுக்கு வந்த பெண் தடுக்கிறாள் என்று ஆகிவிடும். குழந்தைக்கு அவர் போட்ட சங்கிலியை நினைத்துக் கூச்சப்படுகிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. அவர் பாசத்தில் கூப்பிடுகிறார், அடகுக் கதை அவருக்குத் தெரியாது. “அக்கா, நகை அடகில் இருக்கிறது. மீட்டுவிட்டு, பாப்பா ஓடி விளையாடும் வயதில் உன் வீட்டில் வந்து பதினைந்து நாள் இருக்கிறோம்” என்று கணவர் போனில் நேரடியாகச் சொல்லட்டும். மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்று நாத்தனார் கேட்டிருப்பதால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசிவிடுவது நல்லது. அவர் முன்பணம் கட்டிவிட்டு உங்களால் ரத்து செய்ய வேண்டி வந்தால்தான் மனஸ்தாபம்.

அப்புறம் ஒரு வேலை. மாசியில் வட்டிக் கெடு வருகிறது அல்லவா, அன்று வட்டியைக் கட்டிவிட்டுப் பழைய தொகைக்கே புதுப்பிக்கும்போது எல்லா நகையையும் ஒரே ரசீதில் போட விடாதீர்கள். முடிந்தால் வங்கிக்கு மாற்றுங்கள், ஒன்பது, பத்து சதவீதத்துக்குக் கிடைக்கும். எங்கே வைத்தாலும் ஆரம் ஒரு ரசீது, வளையல் ஒரு ரசீது, ஜிமிக்கி ஒரு ரசீது என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். ஒரே ரசீது என்றால் கடைசி ரூபாய் வரை கட்டினால்தான் ஒரு பொட்டுத் தங்கம் வெளியே வரும். பிரித்து வைத்தால் ஜிமிக்கியின் கடன் சிறியது, மூன்று நாலு மாதத்தில் மீட்டுவிடலாம். மீட்ட அன்றே போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போங்கள்.