லேசர் பேனா 26 காட்டினால் பல்லைத் துளைக்க வேண்டுமா?

கேள்வி: 14 வயது மகளைப் பல் சுத்தம் செய்விக்கத் தனியார் கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். சுத்தம் செய்யமுதலே பேனா மாதிரி லேசர் கருவி ஒன்றைக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வைத்துப் பார்த்தார்கள். 26 காட்டியது. உள்ளுக்குச் சூத்தை, துளைத்து அடைக்கவேணும் என்கிறார்கள். பிள்ளைக்கு நோவில்லை, ஓட்டையும் தெரியவில்லை. அந்தப் பரிசோதனைக்குத் தனியாகக் காசும் எடுத்தார்கள். நம்பலாமா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: அந்த ஒரு இலக்கத்தை மட்டும் நம்பித் துளைக்க விடாதீர்கள், அம்மா.

இந்த வகையில் பேர்போன கருவி டயக்னோடென்ட். 655 நனோமீற்றர் சிவப்பு ஒளியைப் பல்லில் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளிர்வை 0 முதல் 99 வரையான இலக்கமாகக் காட்டும். அது ஓட்டையைப் பார்ப்பதில்லை. சூத்தை பிடித்த இடத்தில் பற்றீரியா விட்டுவைக்கும் பொருட்கள் ஒளிர்வதைத்தான் அளக்கிறது. தேத்தண்ணிக் கறை, பற்காறை, பல் துலக்கிய பசையின் மிச்சம், பழைய அடைப்பு எல்லாமே இலக்கத்தை ஏற்றிவிடும். சுத்தம் செய்யமுதல் எடுத்த 26ஐ வைத்து முடிவெடுக்க முடியாது. பல்லை நன்றாகச் சுத்தம் செய்து, காற்றடித்துக் காயவைத்து, திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.

கருவி மோசமானதல்ல. பல்லின் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் சூத்தையைக் கண்ணைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் நல்ல பல்லையும் சூத்தை என்று சொல்லிவிடும். 2004இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வுத் தொகுப்பும், இந்தக் காரணத்தால் அதை முதன்மைச் சோதனையாகக் கொள்ளக்கூடாது என்றே முடித்தது. ஒரு பேச்சுக்கு, 100 பற்களில் 10 தான் சூத்தை என்று வையுங்கள். கருவி அதில் 9ஐப் பிடிக்கிறது, மிச்சம் 90 நல்ல பற்களில் ஐந்துக்கு ஒன்றைத் தவறாகக் காட்டுகிறது. அப்படியென்றால் மாட்டுப்படும் 27 பற்களில் 18 நல்ல பற்கள்! துளைத்த பல் திரும்ப முளைக்காது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்ததாக, கடித்துப் பிடித்தபடி எடுக்கும் சின்ன எக்ஸ்ரே கேளுங்கள். சூத்தை எனாமலைத் தாண்டி உள்ளே போய்விட்டதா என்பதை அதில் பார்க்கலாம். இரண்டு பல்லுக்கிடையில் லேசர் பேனா அவ்வளவு நம்பகமில்லை, அங்கேயும் எக்ஸ்ரேதான் கைகொடுக்கும். எனாமலோடு நின்று, மேற்பரப்பு உடையாமல் இருந்தால் பெரும்பாலும் துளைக்கத் தேவையில்லை. புளோரைட் பூச்சு, குழியை மூடும் சீலன்ட், துலக்கும் பழக்கம், இனிப்பைக் குறைத்தல் போதும். ஆறு மாதத்தில் அதே இடத்தை அதே கருவியால் அளந்து இலக்கம் ஏறுகிறதா என்று பார்க்கலாம். என் கண்ணில் இந்தப் பேனாவுக்குச் சரியான வேலை இதுதான்.

காசு விஷயத்தில், பேனாவை வாயில் வைக்கமுதலே கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள், பற்றுச்சீட்டில் தனியாக எழுதி வாங்குங்கள். இரண்டாவது அபிப்பிராயத்துக்கு யாழ் போதனா வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, அங்கே காசில்லை. எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள். இதற்கிடையில் இனிப்புக்கோ குளிருக்கோ பல் கூசினால், அல்லது ஒரே இடத்தில் சாப்பாடு அடைபட்டால், ஆறு மாதம் பார்த்திருக்காமல் உடனே காட்டுங்கள்.