கிருஷ்ணகிரியில் ஃபிகர் ஸ்கேட்டிங் கிளப்பா, ஐஸுக்கு எங்கே போவீர்கள்?

ஐஸுக்கு எங்கேயும் போகவில்லை, நாங்கள் ஆடுவது சக்கரத்தில். இதற்கு ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் என்று பெயர். ஐஸில் போடும் சுழற்சி, தாவல் எல்லாம் இதிலும் உண்டு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம், நுனியில் ரப்பர் கட்டை. உடம்பைச் சாய்த்தால் ஷூ அந்தப் பக்கம் திரும்பும் இந்த அமைப்பை 1863-லேயே அமெரிக்காவில் பிளிம்ப்டன் என்பவர் கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் கிளப்பின் வரலாறு என்று கேட்டால், தரை தேடி அலைந்த கதைதான். நான் ஏழாவது படிக்கும்போது ஆறு பேராக ஆரம்பித்தோம். கூட இருந்த பையனின் அப்பா கிரானைட் பட்டறை வைத்திருந்ததால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஷெட் எங்களுக்கு. தரை வழவழப்புதான், ஆனால் கல் தூள் பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டு சக்கரம் நறநறவென்று நின்றுவிடும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனால் கையெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம், பேரிங் கழுவிய கை.

அப்புறம் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாளில் மட்டும் என்பதால் ஆடியும் மார்கழியும்தான் எங்கள் சீசன். ரப்பர் கட்டை மார்பிளில் கறுப்புக் கோடு போட்டதைப் பார்த்து மேனேஜர் இரண்டே வருஷத்தில் அனுப்பிவிட்டார் (அவர் கோபம் நியாயம்தான், நாங்களும் ஒழுங்காகத் துடைக்கவில்லை).

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க சிமெண்ட் தரை. அங்கேதான் வட்டம் போட ஆரம்பித்தோம். ஃபிகர் என்ற பெயரே இப்படி வட்டத்தின் மேல் கோடு தப்பாமல் போவதிலிருந்து வந்ததுதான். ஐஸில் 1990-க்குப் பிறகு உலகப் போட்டியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், சக்கரத்தில் அதற்கப்புறமும் தொடர்ந்தது. நடுவில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மூன்று மீட்டர் தள்ளி இன்னொருவர் சுற்றி வந்து கோடு போடுவார். முதல் தடவை கோலமாவில் போட்டோம். சக்கரம் வழுக்கி எனக்குத் தாடையில் மூன்று தையல், அன்றிலிருந்து சாக்பீஸ்தான்.

2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் சக்கர ஸ்கேட்டிங் ரிலேயில் இந்தியாவுக்கு இரண்டு வெண்கலம் வந்ததும் நிறையப் பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அது ஸ்பீட் ஸ்கேட்டிங், எங்களுடையது வேறு என்று சொன்னதும் பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். மீதியையும் சேர்த்து இப்போது பதினொரு பிள்ளைகள். உங்கள் பிள்ளையைச் சேர்ப்பதாக இருந்தால் அவசரப்பட்டு ஒரே வரிசையில் சக்கரம் உள்ள இன்லைன் ஷூ வாங்கிவிடாதீர்கள், முதல் மாதத்துக்கு எங்களிடமே பழைய ஷூ இருக்கிறது.