பழைய கல்லூரிக் கட்டடத்தில் புது வயரிங்: சுவரை வெட்டலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகம் நூறாண்டு தாண்டியது. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மர உத்திரத் தளம். சுவர்மேல் அடித்த மரச் சட்டப் பட்டைக்குள் ஓடும் பழைய வயர்களை மாற்றி, ஏசியும் வைக்க வேண்டும். "எல்லாம் கன்சீல்டு (சுவருக்குள் புதைப்பது), 20 நாளில் முடித்துவிடுவேன்" என்கிறார் ஒப்பந்தக்காரர். சம்மதிக்கலாமா?

பதில்: வயரை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் சுவரை வெட்ட விடாதீர்கள்.

அந்தக் காலத்து வயர்களின் ரப்பர் உறை காய்ந்து, கை பட்டாலே உதிரும். பெரும்பாலும் எர்த் வயரே இருக்காது. "மெக்கர் (வயர் உறையின் மின்தடையை அளக்கும் கருவி) போட்டுப் பார்த்தேன், 1 மெகாஓமுக்கு மேல் காட்டுகிறது, பாதியை வைத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அசையாமல் கிடக்கும் காய்ந்த ரப்பர் சோதனையில் தேறிவிடும். சுவிட்சைக் கழற்றி வயரை வளைத்ததும் செம்பு வெளியே வந்துவிடும்.

இனி சுவர். சுண்ணாம்புப் பூச்சு மென்மையானது, ஈரத்தை வாங்கி வெளியே விடுவது. மெஷின் வைத்து வயருக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டினால், அந்த அதிர்விலேயே இரண்டு பக்கமும் பூச்சு சுவரை விட்டு விலகும். தட்டினால் டொப்பென்று கேட்கும். பிறகு காடியைச் சிமெண்டால் மூடுவார்கள், ஏனென்றால் சுண்ணாம்பு இறுகும் வரை காத்திருந்தால் 20 நாள் கணக்கு நிற்காது. சிமெண்ட் ஈரத்தை விடாது. ஈரம் காடியின் ஓரங்களில் வழி தேடும். உப்பு பூக்கும், நல்ல பூச்சும் சேர்ந்து உதிரும். உள்ளே குழாய் போட்டாரா, வெறும் வயரைப் புதைத்தாரா என்பதும் மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. கன்சீல்டு மேல் ஒப்பந்தக்காரர்களுக்குள்ள ஆசைக்குக் காரணம் அதுதான்.

இரும்புக் குழாயையோ, தாதுப்பொடி அடைத்த செம்பு உறைக் கேபிளையோ சுவருக்கு மேலேயே ஓட்டுங்கள். பழைய மரச் சட்டப் பட்டை சென்ற தடம், அலமாரியின் பின்புறம், உத்திரத்தின் ஓரம் போதும். திருகாணிகள் செங்கல்லில் அல்ல, இடைச் சாந்தில் இறங்க வேண்டும். தளத்து மரச் சட்டங்களில் துளையிட்டால், சட்டத்தின் உயரத்துக்கு நடுக்கோட்டில், அந்த உயரத்தில் கால்பங்குக்கு மிகாமல். தளத்தையோ சுவரையோ கடக்கும் ஒவ்வொரு துளையையும் தீ தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும். இங்கிலாந்தின் கிளாண்டன் பார்க் மாளிகையில் 2015இல் அடித்தளத்து டிபி (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) ஒன்றில் பிடித்த தீ, கட்டடத்துக்குள்ளிருந்த வெற்றிடங்கள் வழியாகவே கூரை வரை ஏறியது.

வெட்டலாம் என்று சொல்லக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: முன்பே யாரோ சிமெண்ட் பூசிவிட்ட பகுதி. நாணயத்தால் கீறிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, கீறல் விழாமல் சாம்பல் நிறமாக இறுகி நின்றால் சிமெண்ட். அங்கேயும் செங்குத்தாக மட்டும், சிமெண்டுப் பூச்சின் தடிமனுக்குள், செங்கல்லைத் தொடாமல். சுண்ணாம்பு தொடங்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்பே நிறுத்த வேண்டும். கீறிப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லையென்றால் அது சுண்ணாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசியை அரிய நூல்கள் உள்ள சின்ன அறையோடு நிறுத்துங்கள். வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது பட்டால் நீர் கோக்கும். உறை சரியில்லாத ஏசிக் குழாயிலிருந்து அந்த நீர் சொட்டுவது உங்கள் மர உத்திரத்தில்தான். வடிகுழாய் மீட்டருக்கு 1 செ.மீ.யாவது சரிய வேண்டும். பெரிய வாசிப்புக் கூடத்தின் மேல் சாளரங்களை அடைக்காதீர்கள். சூடான காற்று வெளியேறும் வழி அவை.

டெண்டர் முறையைத்தான் பொறுக்க முடியவில்லை. 'ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு' என்பது புதுக் கட்டடத்துக்கு எழுதிய கணக்கு. அதில் குறைந்த விலை சொல்பவருக்கே வேலையைக் கொடுத்தால், மிகக் குறுகிய தடத்தில் சுவரை வெட்டுபவர்தான் வருவார். மொத்தச் செலவில் சதவீதம் வாங்கும் ஆலோசகர் தேவையில்லாத லோடையும் சேர்த்து எழுதுவார். தடத்தை வரைபடத்தில் குறித்து, மீட்டர் கணக்கில் விலை கேளுங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் 500 வோல்ட் மெக்கர் அளவு, எர்த் அளவு, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழ எடுக்கும் நேரம் ஆகியவை எழுத்தில் வரும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.