கடையில் திருட்டுக் கேஸ், ‘டிஃபர்டு’ வாங்கினால் ரெக்கார்டே இருக்காது என்கிறார் வக்கீல். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் சம்மதிக்கலாமா?

இமிக்ரேஷன் லாயர் ஒருவரிடம் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

டெக்சாஸ், செல்ஃப் செக்கவுட் (நாமே ஸ்கேன் செய்து காசு கட்டும் இடம்), முதல் கேஸ் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறீர்கள், ஊரில் அப்பா அம்மாவுக்குத் தெரியாது, ஆபீஸில் வாயே திறக்கவில்லை, எப்படியாவது சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருக்கிறீர்கள். அந்த அவசரம்தான் ஆபத்து.

நான் வக்கீல் இல்லை. ‘இவன் யார் சட்டம் பேச’ என்று கீழே எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். என் சித்தி பையனுக்கு டல்லாஸ் பக்கம் இதே கேஸ் வந்தபோது கூடவே அலைந்தவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்.

தள்ளுவண்டியின் அடித்தட்டில் குழந்தைக்கு வாங்கிய பால்பவுடர் டப்பாக்கள். மேலே இருந்த எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து காசு கட்டியவன், குனிந்து கீழே பார்க்கவில்லை. வாசலில் மடக்கிவிட்டார்கள். டப்பாக்களின் விலை நூறு டாலரைத் தாண்டியதால் டெக்சாஸ் கணக்கில் அது ‘கிளாஸ் பி மிஸ்டிமீனர்’, சிறு குற்றங்களில் ஒரு வகை: அதிகபட்சம் 180 நாள் சிறை, 2000 டாலர் அபராதம். நூறுக்குள் இருந்தால் கிளாஸ் சி, வெறும் அபராதம்தான். ஆனால் அந்த அபராதத்தைப் பேசாமல் கட்டிவிட்டாலும் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ‘சின்ன டிக்கெட்தானே’ என்று கட்டிவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது.

முதல் நாள் கோர்ட்டில் ‘நாட் கில்டி’ என்று சொல்லவே இவன் தயங்கினான். “அண்ணா, டப்பா வண்டியில் இருந்தது உண்மைதானே, பொய் சொன்ன மாதிரி ஆகாதா?” ஆகாது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது, நிரூபித்துக் காட்டுங்கள் என்கிறோம், அவ்வளவுதான். அதுவும் திருட்டு என்றால் எடுத்துப்போகும் எண்ணம் இருந்ததையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும்.

எங்கள் கிரிமினல் வக்கீல் நல்ல மனுஷர், பரபரப்பானவர். அவர் கொண்டுவந்த டீல்தான் உங்களுக்கும் வந்திருக்கிறது: ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’. கில்டி அல்லது ‘நோ கான்டெஸ்ட்’ (குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை) என்று சொல்ல வேண்டும். நீதிபதி தீர்ப்பை எழுதாமல் தள்ளிவைத்து, கொஞ்ச காலம் கண்காணிப்பில் வைப்பார். ஒழுங்காக இருந்தால் கேஸ் டிஸ்மிஸ். “கன்விக்‌ஷனே கிடையாது, குற்றவாளி என்ற தீர்ப்பே இல்லை” என்றார். டெக்சாஸ் சட்டப்படி அவர் சொன்னது சரி.

குடியேற்றச் சட்டம் மத்திய அரசின் சட்டம். 1996இல் திருத்தியபோது கன்விக்‌ஷன் என்பதற்கு அதிலேயே தனியாக விளக்கம் எழுதிவிட்டார்கள். கில்டி என்றோ நோ கான்டெஸ்ட் என்றோ சொல்லி, அதன்மேல் நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்தால் போதும், அது கன்விக்‌ஷன். மாநில கோர்ட் பின்னால் டிஸ்மிஸ் செய்தாலும் மாறாது. அதோடு திருட்டை ‘மாரல் டர்பிட்யூட்’, அதாவது விசாவைப் பாதிக்கக்கூடிய ஒழுக்கக்கேடான குற்ற வகையில் சேர்ப்பார்கள். ஒரே ஒரு சின்னக் குற்றத்துக்கு விலக்கு உண்டுதான். இரண்டாவதாக ஒன்று வந்தால் அந்த விலக்கும் போச்சு.

இதெல்லாம் பயமுறுத்தல் என்று நினைத்தால் பாடியா (Padilla) வழக்கைத் தேடிப் படியுங்கள். ஹோண்டுராஸில் பிறந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், கிரீன் கார்டோடு 40 வருஷத்துக்கு மேல் இங்கே வாழ்ந்தவர். இத்தனை வருஷம் இருந்துவிட்டீர்கள், நாடு கடத்துவார்களோ என்ற கவலை வேண்டாம் என்று அவருடைய வக்கீல் சொன்னதை நம்பி, கஞ்சா கடத்தல் கேஸில் கில்டி சொன்னார். நாடு கடத்தும் நிலை வந்துவிட்டது. கில்டி சொன்னால் நாடு கடத்தும் அபாயம் உண்டா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அந்த வழக்கில்தான். தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் வக்கீல் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

இமிக்ரேஷன் லாயரைத் தனியாகப் பிடித்தோம். அவர் சொன்னது ‘ப்ரீ-ட்ரையல் டைவர்ஷன்’. இது அரசு வக்கீலோடு போடும் ஒப்பந்தம், நீதிபதி முன்னால் கில்டி சொல்லத் தேவையில்லை. வகுப்பு, சமூக சேவை, கட்டணம் எல்லாம் இருக்கும். முடித்தால் கேஸ் டிஸ்மிஸ். அந்தப் படிவத்திலும் ஒரு பொறி இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ‘மேற்கண்ட குற்றத்தை நான் செய்தேன்’ என்று ஒரு வாக்கியம், பக்கத்தில் இனிஷியல் போடக் குட்டியாக ஒரு கோடு. குற்றத்தை ஒப்புக்கொள்வதே விசாவுக்கு வினையாகலாம், இதை எடுக்காமல் போடாதீர்கள் என்றார். கிரிமினல் வக்கீல் முனகிக்கொண்டேதான் போய்ப் பேசினார். நீலப் பேனாவால் அந்த வரியை அடித்து, ஓரத்தில் இரண்டு தரப்பும் இனிஷியல் போட்ட பிறகே இவன் கையெழுத்துப் போட்டான். எல்லா கவுன்ட்டியிலும் இப்படி விடமாட்டார்கள். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

‘நிரபராதி என்றால் ட்ரையலுக்குப் போயிருக்க வேண்டியதுதானே’ என்று வீரம் பேசுவோருக்கு: மாநில கோர்ட்டுகளில் 94 சதவீத கன்விக்‌ஷன்கள் கில்டி சொல்லி வருபவை என்று உச்ச நீதிமன்றமே 2012இல் எழுதியிருக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மிச்சமுள்ளவர்களின் வரிசையில் போய் நிற்க அவனுக்குத் தெம்பில்லை.

கேஸை விட எனக்கு ஆறாதது எங்கள் ஊர்ச் சங்கத்துக்காரர்கள் செய்தது. பொங்கல் விழாவுக்கு நாற்காலி அடுக்க, பாத்திரம் தேய்க்க, ஏர்போர்ட்டுக்குப் போய்ப் பாடகரைக் கூட்டிவர அவன் வேண்டும். விஷயம் கசிந்ததும் வாட்ஸாப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் நீக்கினார்கள். விழாவில் ஊழல் கணக்கு எழுதியவர் இன்னும் மேடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சரி, அதை விடுங்கள்.

டிஸ்மிஸ் ஆனதும் ‘எக்ஸ்பங்ஷன்’ போட்டு ரெக்கார்டை அழிக்கலாம் என்பார்கள். போடுங்கள். ஆனால் அழிப்பதற்கு முன்னால் முத்திரை வைத்த கோர்ட் நகல்களை நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கோர்ட்டிலேயே இருக்காது. விசா படிவத்தில் எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு, ரெக்கார்டு அழிந்திருந்தாலும் ‘ஆம்’ என்றுதான் போட வேண்டும். இவன் சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்குப் போனபோது அந்த நகலைத்தான் கேட்டார்கள்.

இரண்டு வக்கீலுக்கும் சேர்த்து எவ்வளவு ஆனது என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். அது அவன் பணம், அவனைக் கேட்காமல் நான் சொல்ல முடியாது.