பசுமை வரி: கட்டுற காசு எங்க போகுது?

கேள்வி: எங்கப்பா ஸ்கூட்டருக்கு 15 வருஷம் முடிஞ்சுது, ஆர்சி புதுப்பிக்கப் போனா பசுமை வரின்னு தனியா வாங்குறாங்க. வரி போட்டா நிஜமாவே புகை குறையுமா, இல்ல இதுவும் ஒரு வசூல் தானா? நம்ம பக்கம் தான் கரண்ட் எடுக்குற காத்தாடி இவ்ளோ இருக்கே, அது பத்தாதா? ஸ்கூட்டர வித்துடலாமா சார்?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: வசூல் தானான்னு கேட்டீங்க பாருங்க, நியாயமான சந்தேகம் தாங்க. ஸ்கூட்டர் வரி சின்னது. இதவிடப் பெருசு ஒண்ண கரண்ட் பில்லு வழியா நாம எல்லாருமே தெரியாம கட்டிட்டு இருந்தோம். 2010ல நிலக்கரி டன்னுக்கு 50 ரூபான்னு செஸ், அதாவது தனி காரியத்துக்குன்னு வாங்குற கூடுதல் வரி, போட்டாங்க, 2016ல அது 400 ஆயிடுச்சு, ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் நிலக்கரி எரியுதுன்னு வச்சா யூனிட்டுக்கு 28 பைசா வருது. சோலார், காத்தாலைக்கெல்லாம் உதவத்தான் இந்தக் காசுன்னு தனி நிதியும் வச்சாங்க. ஆனா 2017 வரைக்கும் வசூல் 86,000 கோடிக்கு மேல, நிதிக்குப் போனது 30,000 கோடி கிட்ட, அதுலயும் திட்டங்களுக்குக் குடுத்தது 16,000 கோடி கிட்ட தான்! அப்புறம் ஜிஎஸ்டி வந்துச்சு, மாநிலங்களுக்கு நஷ்டஈடு குடுக்க அந்த 400 ரூபாயத் திருப்பி விட்டாங்க, 2025 செப்டம்பர்ல செஸ்ஸையே எடுத்துட்டு நிலக்கரி ஜிஎஸ்டிய 5லேர்ந்து 18 சதவீதம் ஆக்கிட்டாங்க.

அதுக்காக வரியே வேஸ்ட்டுன்னு சொல்ல மாட்டேன். ஸ்வீடன்ல 1991லேர்ந்து கார்பன் வரி இருக்கு, அதாவது எரிபொருள் எரிச்சா வர்ற கார்பன் டை ஆக்சைடுக்குப் போடுற வரி, இப்போ அதுல டன்னுக்கு 100 யூரோவுக்கு மேல. அங்க குளிருக்கு ஊருக்கே ஒரே இடத்துல தண்ணி காய்ச்சி பைப்புல வீடு வீடா அனுப்புவாங்க, வரி ஏற ஏற அந்த பாய்லர்ல எண்ணெய நிறுத்திட்டு மரச்சிராய், குப்பைன்னு எரிக்க ஆரம்பிச்சாங்க. மாறுறதுக்கு வழி இருந்துச்சு, வரி போட்ட அதே சமயம் வருமான வரியயும் குறைச்சாங்க, அதனால ஜனங்க பெருசா கத்தல. பிரான்ஸ்ல 2018ல டீசலுக்கு ஏத்துனப்போ பஸ்ஸே வராத கிராமத்துக்காரன் என்ன பண்ணுவான், மஞ்சள் ஜாக்கெட்ட மாட்டிட்டு ரோட்டுக்கு வந்துட்டான், 2019க்கு ஏத்த இருந்தத அரசாங்கம் கைவிட வேண்டியதாப் போச்சு.

காத்தாடி கதைக்கு வரேன். கயத்தாறு, ஆரல்வாய்மொழி பக்கமெல்லாம் ஆடி மாசம் அது சுத்துற சுத்து உங்களுக்கே தெரியும், சில நாள் கரண்ட எடுத்துக்க லைன்ல இடம் இல்லாம நிறுத்தி வைக்கக்கூட சொல்றாங்க. கார்த்திகை வந்தா அதே காத்தாடி சும்மா நிக்குது. சோலாரு சாயங்காலம் ஆறு மணிக்கு கைய விரிச்சிடும், நாம லைட்டு, ஃபேன், ஏசி எல்லாம் போடுறதே அப்புறம் தான். அதான் 2025ல நாட்டோட மின் திறன்ல, அதாவது எல்லா நிலையமும் முழுசா ஓடினா வரக்கூடிய கரண்ட்டுல, பாதி நிலக்கரி, கேஸ் இல்லாததுன்னு கணக்கு வந்தாலும், நிஜமா ஓடுற கரண்ட்டுல நூத்துக்கு எழுபதுக்கு மேல நிலக்கரியிலேர்ந்து தான் வருது. என்னக் கேட்டா பசுமை வரின்னு வாங்குற காச பேட்டரிக்கும், மேட்டுல தண்ணிய ஏத்தி வச்சு ராத்திரி இறக்குற நீர்மின் நிலையத்துக்கும், புது லைன் இழுக்கவும் போடணும், பேனலுக்கு இல்ல, பேனல் தான் மலிவாயிடுச்சே.

அப்பா ஸ்கூட்டரா? அந்த வரி வண்டியோட வயச மட்டும் தான் பாக்குது, எவ்ளோ ஓட்டுறார்னு பாக்கல. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுக்குறார்னா கட்டிட்டு வச்சுக்கட்டும்ங்க, புகை டெஸ்ட்ட மட்டும் ஒழுங்கா எடுக்கச் சொல்லுங்க.