கணினிக் கேள்வி-பதில்: கடை உங்களுடையது, சாவி யாரிடம்?

ஹட்டனில் மொத்த வியாபாரம் செய்கிறோம். பில் போடும் மென்பொருளை அமைத்துத் தந்த தம்பி கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கடவுச்சொற்கள் எல்லாம் அவரிடம்தான். மனஸ்தாபம் எதுவும் இல்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. மனஸ்தாபம் இல்லாத இந்த நாட்களிலேயே காரியத்தை முடித்துவிடுங்கள். அவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அரை நாள் கேட்டு வாங்குங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள். மென்பொருளின் நிர்வாகிக் கணக்கு, கடையின் மின்னஞ்சல், இணையதள முகவரி ஆகியவை யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். மின்னஞ்சலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் மீட்பு எண்ணாக (கடவுச்சொல் மறந்தால் குறியீடு வரும் எண்ணாக) அவருடைய கைபேசி எண்ணே இருந்தால், குறுஞ்செய்தி அவருக்குத்தான் போகும். முதலில் அதை மாற்றுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையொப்பமிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். யாராவது பிரித்தால் தெரிந்துவிடும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதவே கூடாது என்பார்கள். கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பதுதான் தவறு; பூட்டிய பெட்டிக்குள் இருப்பது தவறல்ல.

தலவாக்கலையில் தேயிலைத் தோட்டச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியலைப் புதிய கணினியில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. பாமினியில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் மாட்டிவிடுகிறது. பாமினியை நிறுவினால் முகம் திரும்பி வரும். ஆனால் அத்தோடு நிற்காதீர்கள், யுனிகோடுக்கு (தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் பொதுக் குறியீட்டு முறைக்கு) மாற்றிவிடுங்கள். மூலக் கோப்பின் பிரதியை ஒதுக்கி வைத்துவிட்டு, தமிழ் உள்ள நிரல்களை (columns) மட்டும் மாற்றுங்கள். முழுப் பட்டியலையும் எழுத்து மாற்றும் மென்பொருளில் போட்டால் உண்மையான ஆங்கிலச் சொற்களும் புரியாத தமிழாகிவிடும்.

எழுத்தைவிடப் பெரிய சிக்கல் பெயர். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) மூன்று லெட்சுமி இருப்பார்கள். ஒரே லெட்சுமி செக்ரோலில் (தோட்டத்தின் வேலைநாள், சம்பளப் பதிவேட்டில்) ஒரு விதமாகவும் ஊழியர் சேமலாப நிதிப் பட்டியலில் வேறு விதமாகவும் இருப்பார். ஆகவே ஆளைப் பெயரால் அல்ல, அடையாள அட்டை எண்ணால் அறியுங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. பழைய அட்டையில் 9 இலக்கம், புதியதில் 12. கணினிக்கு அவர் இரண்டு பேர். பழைய எண்ணை மாற்றும் வழி: முன்னால் 19, அடுத்து முதல் ஐந்து இலக்கங்கள், பிறகு ஒரு 0, கடைசியாக மீதி நான்கு. இறுதியிலுள்ள ஆங்கில எழுத்தை விட்டுவிடலாம்.

ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த ஓர் அம்மாவின் பணம் இப்படி இரண்டு பெயர்களில் பிரிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைச் சேர்க்க அவர் எத்தனை முறை பஸ் ஏறினார் என்று நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. நீங்கள் தட்டுவது ஒருவருடைய ஓய்வுக்காலச் சோறு.

பண்டாரவளையில் விடுதி நடத்துகிறோம். தினமும் பென் டிரைவில் பிரதி எடுக்கிறோம். அது கணினியிலேயே செருகியிருக்கும். போதுமா?

போதாது. இடி விழுந்தாலும் வைரஸ் புகுந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். பிரதி எடுத்ததும் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளைப் பார்த்த நாம், வேறிடம் என்றால் வேறு ஊர் என்றுதான் எண்ண வேண்டும். உறவினர் வீடோ, இணையச் சேமிப்போ, எதுவானாலும் சரி. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கும் பிற்பகல்களில் மின்செருகியோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள்; ரவுட்டர் வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

வெலிமடையிலுள்ள எங்கள் கடையில் இன்னும் விண்டோஸ் 10 தான். மாற்றியே ஆக வேண்டுமா?

அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது மைக்ரோசொஃப்ட் அனுப்பிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள், 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. உடனே மாற்றக் கையில் காசு இல்லையென்றால், இணையத்தைத் துண்டித்து பில் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்காகக்கூட அதை இணையத்தில் இணைக்காதீர்கள்.